ஈரப்பதம்

பில் புத்தகத்தின் பின்னட்டையில்
நாற்பது கோடுகள்.
ஐந்துக்கு ஒன்று குறுக்கே,
மூட்டை எண்ணுகிற அதே கணக்கு.

புரட்டாசிக்கா சார் என்று
கேட்காத லோடுமேன் இல்லை.
இல்லை என்பேன்.
பிறகு எதுக்கு என்பார்கள்.
அதற்குள் அடுத்த வண்டி வந்துவிடும்.

எதுக்கு என்றால்,
ஆவணியில் பாமணியாற்று மதகடியில்
தூண்டிலில் ஒரு விரால் எடுத்தேன்.
முழங்கை நீளம்.
அது இருந்த இடத்தில்
தண்ணீர் சிவப்பாகக் கொதித்தது.
ரத்தமில்லை, குஞ்சுகள்.
நூறோ இருநூறோ,
காவல் போன இடத்தையே
சுற்றிச் சுற்றி.

அன்றைக்கு அதைக் குழம்பு வைத்தோம்,
அதையும் சொல்லிவிட வேண்டும்.
நன்றாகவே இருந்தது.
மறுநாள்தான் மதகுக்குப் போய்ப் பார்த்தேன்.
தண்ணீர் வெறும்
தண்ணீர் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

பிறந்த வீட்டில் முட்டைகூடக் கிடையாது.
எல்லாம் ஹாஸ்டலில் பழகியது.
ஆகவே இது விரதமல்ல, திரும்பி வருவது
என்று சகாயராணியிடம் விளக்கினேன்.
நாகப்பட்டினத்துக்காரி.
கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு
மீன் சட்டியைக் கழுவிக்
கவிழ்த்துப் பரணில் வைத்தாள்.
"உனக்காக இல்ல.
ரெண்டு அடுப்பு யாரு பாக்குறது?"

ஐப்பசி பிறந்த ராத்திரி மழை.
குறுவை நெல் ஆயிரத்து முந்நூறு மூட்டை
வெட்டவெளியில்.
தார்ப்பாய் போதவில்லை.
ஆளுக்கொரு மூலையைப் பிடித்து இழுத்து
காற்றோடு மல்லுக்கட்டி
பன்னிரண்டு மணிக்கு ஓய்ந்தபோது
விரல் மடங்கவில்லை எனக்கு.
சாக்குக் கட்டுக்குப் பின்னால்
மூன்று செங்கல் வைத்து
வயல் நண்டை இடித்துப் போட்டு
ரசம் கொதிக்கவிட்டிருந்தார் மருதையன்.
மிளகு, நசுக்கிய பூண்டு,
ஒரு மாதம் வாயைக் கட்டியவர்களின் அவசரம்.

"ரசம்தானே சார். நண்டு எங்களுக்கு."

எவர்சில்வர் டம்ளர் சுட்டது.
தொண்டையில் இறங்கும்போது
ரசம்தானே என்று நானும் சொல்லிக்கொண்டேன்.
இரண்டாவது டம்ளரின் அடியில்
ஒரு கால் கிடந்தது.
அதைக் கடித்ததை
மழை மேல் போட முடியாது,
குளிர் மேல் முடியாது, மருதையன் மேலும்.
கடித்தேன். உறிஞ்சினேன்.
இன்னொன்னு இருக்கா என்று கேட்டதும்
என் குரல்தான்.

விடிந்து வீட்டுக்குப் போனால்
கதவைத் திறந்தவள் மூக்கைச் சுருக்கினாள்.
"நண்டா?"
நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.
"தனியாவா?"
அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.
பரணைப் பார்த்தாள்,
அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.
டிபன் பாக்ஸில் புடலங்காய்க் கூட்டுதான் வைத்தாள்,
மூடியைக் கொஞ்சம் ஓங்கி அடித்து.

நாற்பத்தொன்றாவது கோட்டைப் போடுவதா,
நாற்பதையும் அடித்துவிடுவதா,
பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.
ஈரம் பதினேழுக்கு மேல் போனால்
நெல்லை எடுக்கக் கூடாது.
மழை வருஷம் என்றால்
தளர்வு கேட்டு மேலே எழுதுவார்கள்.
டெல்லியிலிருந்து ஆட்கள் வந்து
பையில் கொஞ்சம் அள்ளிக்கொண்டு போவார்கள்.
நான் யாருக்கு எழுத?

முதல் ஆள் தம்புசாமி.
ஒரு பிடி நெல்லை மீட்டரில் போட்டு அழுத்துகிறேன்.
பதினெட்டு புள்ளி நான்கு.
அவர் எண்ணைப் பார்க்கவில்லை,
என் முகத்தைப் பார்க்கிறார்.
சோப்புப் போட்டும்
விரலில் இன்னும் மிளகு வாசம், சேற்று வாசம்.

"திருப்பி அனுப்பிடாதீங்க சார்.
மறுபடி ஏத்தி எறக்க வாடகைக்கு வழியில்ல."

"யாரு அனுப்புறா?
மேற்கால தரை காஞ்சு கெடக்கு,
விரிச்சுப் போடுங்க.
மத்தியானம் ஒருக்கா காலால துழாவி விடுங்க.
நாலு மணிக்குத் திரும்பப் பாப்போம்."

அவர் சாக்கைக் கவிழ்க்கிறார்.
பின்னட்டையை அப்படியே மூடி வைக்கிறேன்.
வெயில் இப்போதுதான் ஏறுகிறது,
நெல்லிலிருந்து மெல்ல
ஆவி கிளம்புகிறது.